விட்லாக் எழுதிய செய்தி

"யாரு சொன்னது? நீயா?"

தோன் லெயோபோல்தோ அந்தத் தாளை அழுகிய மீனைப் போல இரண்டு விரல் நுனியால் பிடித்துத் திருப்பி நீட்டினார். 'எல் லுசேரோ' நாளிதழின் ஆசிரியரும் முதலாளியும் அவர்தான்.

"நானே நேர்ல போய்ப் பார்த்தேங்க ஐயா," என்றான் நிருபர் எவாரிஸ்தோ. "வாழைத்தோட்ட வேலைநிறுத்தத்துல மூணு பேரைப் பிடிச்சு ராணுவ முகாம்ல அடைச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை படகுல ஏத்தப் போறாங்க. அந்தப் படகுல போனவங்க யாரும் கரை சேர்ந்ததில்ல. பேரு பேப்பர்ல வந்துட்டா, கை வைக்கப் பயப்படுவாங்க."

"மூணு பேர்ல ஒருத்தன் உன் அண்ணன்தானே?"

"ஆமாங்க. நிகானோர்."

"அப்ப இது செய்தி இல்லடா, உங்க வீட்டுக் கஷ்டம்." அவர் சுருட்டைப் பற்றவைத்தார். "முகாம் கர்னல் கிளப்ல என்னோட சீட்டாடறவர். வாழைத்தார் சுமந்தவன் பேரன் சொன்னான்னு அவரைக் கொலைகாரன்னு போடவா? முதல் பக்கத்துக்கு என்ன வச்சிருக்கேன் தெரியுமா? கிளப் அழகுராணியோட கவுன்! பாரீஸ் லேஸ்! அந்த லேஸைப் பத்தி அழகா நாலு வரி எழுது. அது உனக்கு வரும்."

1964-இல், சாந்தா ரீத்தா துறைமுகத்தில், அது பெரிய செய்திதான். எவாரிஸ்தோ லேஸைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள் வியாழக்கிழமை. வெளியூர்ச் செய்திகளை அச்சடித்துத் தள்ளும் டெலிபிரிண்டர் கடகடத்தது.

"எவாரிஸ்தோ! ஓடி வா! விட்லாக் எழுதியிருக்கார்!" என்று கூவினார் தோன் லெயோபோல்தோ.

ஹென்றி விட்லாக் என்ற பெயர் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். நியூயார்க் செய்தி நிறுவனம் ஒன்றுக்கு இந்தக் கடற்கரைச் செய்திகளை எழுதுபவர்.

எவாரிஸ்தோ நின்றபடியே ஆங்கிலத்தை மொழிபெயர்த்து வாசித்தான். மழையில் நனையும் முகாம். கம்பிவேலிக்கு வெளியே சோற்றுப் பாத்திரத்தோடு நிற்கும் ஒரு பெண். வெள்ளிக்கிழமைப் படகு. மூன்று பெயர்கள்.

"கேட்டியா? இதுதான்டா எழுத்து!" தோன் லெயோபோல்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சோறு ஆறிடுமோன்னு பாத்திரத்தைச் சால்வையால மூடிக்கிட்டு நிக்கறாளாமே! நீயும் அங்க போனேன்னியே, உன் கண்ணுல அது பட்டுச்சா?"

"எனக்கு ஏதுங்க ஐயா அந்தப் பார்வை?"

"எப்படி இருக்கும்? அவங்க ரத்தமே வேற. ஆறடி உயரம், பூனைக்கண்ணு. போன ஞாயித்துக்கிழமை கிளப்ல என்னைப் பார்த்ததும் 'லியோ'ன்னு கட்டிப்பிடிச்சார்."

"இங்க வந்திருந்தாருங்களா?"

"பின்னே? 'லியோ, பெருசா ஒண்ணு வருது'ன்னு காதுல சொல்லிட்டுத்தான் போனார்."

"கர்னல் கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"நான் சொன்னாத்தானே கோவம் வரும்? இது நியூயார்க் சொல்றது. முதல் பக்கத்துல போடு. கவுனைத் தூக்கி உள்ளே தள்ளு."

அன்று மாலைப் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. வெள்ளிக்கிழமை படகு கிளம்பவில்லை. மூவரையும் தலைநகரில் பகிரங்கமாக விசாரிக்கப் போவதாக அரசாங்கம் வானொலியில் அறிவித்தது. ரயில் நிலையத்தில் நிகானோர் விலங்கோடு நொண்டியபடி, ஆனால் உயிரோடு, பெட்டியில் ஏறினான்.

எவாரிஸ்தோ அங்கிருந்து நேராகத் தந்தி அலுவலகத்துக்குப் போனான்.

"அண்ணனைப் பார்த்தியா?" என்று கேட்டான் குமாஸ்தா பிளாசிதோ.

"பார்த்தேன். இதை உடனே நியூயார்க்குக்கு அடி."

"அனுப்பறவர் பேரு வழக்கம்போலத்தானே?"

"வழக்கம்போலத்தான். எவாரிஸ்தோன்னு போட்டா அங்கயும் நம்ப மாட்டாங்களாம்."

பிளாசிதோ செய்தியின் கடைசியில் 'ஹென்றி விட்லாக்' என்று தட்டினான்.