தவறாமல் பேசும் மகன்

"என் பொண்ணு காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்து போனே பண்றதில்லைடி" என்று மூக்கைச் சிந்தினாள் எதிர்வீட்டு அக்கா.

அந்நேரம் என் போன் அடித்தது. வெளியூரில் படிக்கும் என் மகன்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாப்டியாம்மா? முட்டி வலி பரவாயில்லையா? அப்பா மாத்திரை போட்டாரா?"

"எல்லாம் ஆச்சுடா கண்ணா."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தினமும் கூப்பிடறானே! எப்படிடி இப்படி வளர்த்தே?"

"சரிம்மா" என்றான் மகன். "நம்ம சினிமா ஆப்புக்கு இன்னிக்கு என்ன பாஸ்வேர்டு?"

சொன்னேன். வைத்துவிட்டான்.

அக்கா என்னையே பார்த்தாள். "தினமும் மாத்திடுவியா?"

"பல் தேய்ச்சதும் முதல் வேலை அதுதான்க்கா."

அக்கா தன் போனை என் கையில் திணித்தாள்.

"எங்க வீட்டுதையும் மாத்திக் குடுடி. அவ குரலைக் கேக்கணும் போல இருக்கு."