மூன்றாவது பாட்டில் ஒரு தடுமாற்றம்

காலை மணி ஏழு அடிப்பதற்குள் அவர் அந்த விமர்சனத்தை மூன்று முறை படித்துவிட்டார். நாற்பது வருடங்களுக்கு முன் அவர் பேஸ் கிடார் வாசித்த ராக் ஆல்பம், புதிய ஒலிக்கலவையில் மறுபடி வெளிவந்திருந்தது. மற்ற விமர்சகர்கள், பழைய கரகரப்பு போய்விட்டதே என்று முகம் சுளித்திருந்தார்கள். அதை அவர் பொருட்படுத்தவே இல்லை.

சமையலறைப் பக்கம் திரும்பி உரக்கப் படித்தார். "'மூன்றாவது பாட்டில் தாளம் தடுமாறுவதற்கு பேஸ் கிடார்தான் காரணம் என்று இத்தனை காலம் நினைத்தோம். இப்போது கருவிகள் தனித்தனியாகக் கேட்கின்றன. தடுமாறியது டிரம்ஸ்.'"

"காலங்கார்த்தால ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"ஊரே என்னைத்தானே சொல்லிச்சு? நீயும்தான் சேர்ந்துக்கிட்ட."

"அதுக்கு இப்ப என்னங்கறீங்க?"

"டிரம்ஸ் வாசிச்ச ஆள் தப்பை ஒத்துக்கணும்."

"ஒத்துக்கலேன்னா?"

"சாயங்காலம் வரைக்கும் இதையே படிச்சுக்கிட்டிருப்பேன்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, தடுமாறினது என் கைதான். ஒத்துக்கிறேன். ஆனா பாட்டு நடுவுல திரும்பி, டிரம்ஸுக்குப் பின்னாடி உக்காந்திருந்த என்னைப் பார்த்து முதல்முதலா கண்ணடிச்சது யாராம்?"