பானைகளின் தாய்

அபிதோஸ் பாலைவனத்து இடுகாட்டை ஊரார் உம்முல் காப் என்பார்கள், அதாவது பானைகளின் தாய். தொல்லியல் துறைக்குப் புதிதாக வந்த இயக்குநர் ரிஃபாத்துக்கு இது பொறுக்கவில்லை. எகிப்தின் முதல் மன்னர்கள் துயிலும் இடத்துக்கு அடுப்பங்கரைப் பெயரா! மாண்டவர்களின் கடவுள் ஒசைரிஸ் இங்கேதான் இருக்கிறார் என்று நம்பி, காலங்காலமாக யாத்திரை வந்தவர்கள் வைத்துப்போன காணிக்கைப் பானைகளின் ஓடுகள் மணலெங்கும் கிடந்தன. ரிஃபாத் அவற்றைக் குப்பை என்றார். ‘ஆதிமன்னர் மாட்சிமைப் பெருந்துயிலகம்’ என்று பலகை நட்டார். அதைத் திறந்துவைக்க அமைச்சரையே அழைத்திருந்தார்.

நட்ட மறுநாளிலிருந்து பலகையின் காலடியில் தினமும் காலையில் ஒரு புதுப் பானை இருந்தது. ரிஃபாத் தினமும் அதை உதைத்து உடைத்தார்.

“யாருய்யா வைக்கிறது? நீதானே?” என்று காவலாளி ஹன்ஃபியிடம் பாய்ந்தார்.

“எங்க வீட்ல இருக்கறதே ஒத்தப் பானை, பாஷா. தினம் ஒண்ணு வைக்க நான் என்ன ராஜாவா? ஆனா ஒண்ணு, உடைச்சு உடைச்சு நீங்கதான் ஓடு சேக்கறீங்க.”

திறப்புவிழாக் காலையில் ரிஃபாத் பலகையை நோக்கி நடக்கும்போது, கெய்ரோவிலிருந்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“என்னங்க, அடுப்புல கொதிச்சிட்டிருந்த மொச்சைப் பானையக் காணோங்க!”

“அமைச்சர் வர்ற நேரத்துல அங்கயும் பானையா? எனக்கு வேற வேலையே இல்லையா?” என்று எரிந்து விழுந்தபடி, அன்றைய பானையை உதைக்கக் காலைத் தூக்கினார்.

தூக்கிய கால் கீழே வரவில்லை. தூரத்தில் அமைச்சரின் கார்கள் புழுதி கிளப்பின. பலகையடியில், கைப்பிடி கருகிய அவர் வீட்டுப் பானையில், மொச்சை இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.