மூன்றாவது லேன்

“குச்சி கை மாறுற இடம் எனக்கு. அதுலயும் மூணாவது லேன் எனக்கே எனக்கு. நீ அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது” என்றார் மூத்த புகைப்படக்காரர்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் சிரித்தாள். “ஏண்ணே, ஜெயிக்கப்போறது யாருன்னு இப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

பத்திரிகை அலுவலகத்தின் போட்டோ அறை. மேஜைமேல் விரித்த தாளில் ஓடுதளத்தை வரைந்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை பெண்கள் ரிலே. ‘வேகம்’ என்று ஒரு சிறப்பிதழ் வருகிறது, இருவரும் சேர்ந்து திட்டம் போடுங்கள், எந்தப் படம் நன்றாக இருக்கிறதோ அதுதான் அட்டைக்கு என்று எடிட்டர் சொல்லியிருந்தார்.

அந்தச் ‘சேர்ந்து’தான் அவருக்கு வேப்பங்காயாய்க் கசந்தது. இவள் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று அட்டைப்படம்! ஆபீஸ் முழுக்க ‘மின்னல்’ என்று கூப்பிடுகிறது. இருபத்திரண்டு வருடம் மூட்டுத் தேய மைதானம் மைதானமாக அலைந்தவருக்கு அப்படி யாராவது பெயர் வைத்தார்களா? முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், ‘புகைச்சல்’ என்று. இத்தனைக்கும் அவர் சிகரெட் பிடிப்பதில்லை.

“நான் வேகமான ஷட்டர். செகண்டுல ரெண்டாயிரத்துல ஒரு பங்கு. வேர்வைத் துளிகூட அந்தரத்துல நிக்கும். நீ மெதுவான ஷட்டர்ல ஏதாவது இழுவிக்கோ.”

“அண்ணே, ரிலேவை மெதுவா எடுத்தாதாண்ணே அழகு. எல்லாம் கலைஞ்சு ஓடுற மாதிரி இருக்கும். அப்படியே நிறுத்திட்டா குச்சி, கோடு, காலு எல்லாம் தெரியும். ஓட்டம் தெரியாது. மூணாவது லேனையாவது எனக்கு விடுங்களேன்.”

“அட்டைப்படத்துக்கு அடி போடறியா? நடக்காது.”

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அந்த அலட்சியமும் அவர் வயிற்றை எரித்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எடிட்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மின்னலின் படத்தில் சிவப்பாய் ஓர் இழுப்பு, மஞ்சளாய் ஓர் இழுப்பு. யார் முகமும் தெரியவில்லை.

மூத்தவரின் படத்தில் இரண்டு பெண்கள், நடுவே குச்சி. கொடுக்கும் பெண்ணின் பல்லைக் கடித்த முகம், பறக்கும் முடி, விரல் நகம்வரை கல்லில் செதுக்கியது போல் நின்றது. முதல் பரிசும் அந்த அணிக்கே.

“பிரமாதம்! அட்டை உங்களுக்குத்தான். இப்பவே இணையத்துல ஏத்திடறேன்” என்றார் எடிட்டர்.

“வாழ்த்துக்கள்ணே” என்றாள் மின்னல். அதை அவள் மனசாரச் சொன்னது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. முகம் வாடியிருந்தால் இன்னும் இனித்திருக்கும்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எடிட்டர் வேகமாக அறைக்குள் வந்தார்.

“உங்க படம் பெரிய வேலை பண்ணிடுச்சு! மூணாவது லேன் பொண்ணுங்க எல்லையைத் தாண்டிக் குச்சியைக் கொடுத்தாங்கன்னு ரெண்டாவதா வந்த டீம் புகார் கொடுத்திருக்கு. ஆதாரம் இல்லைன்னு தள்ளிவிடப் பாத்தாங்களாம். அப்பதான் யாரோ நம்ம படத்தைக் காட்டியிருக்காங்க. எல்லைக் கோடு பின்னால கிடக்கு, குச்சி இன்னும் முதல் பொண்ணு கையிலயே இருக்கு. அவ்வளவுதான், டீமையே நீக்கிட்டாங்க.”

மூத்தவர் தன் கேமராவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “மின்னல் எடுத்ததையும் பாக்கச் சொல்லலாமே...”

“பாத்தாச்சு. அதுல கோடு எது, காலு எதுன்னே தெரியலை. அது மட்டும் இருந்திருந்தா அந்தப் பொண்ணுங்க தப்பிச்சிருப்பாங்க.”

அவர் செல்போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அழுகை. பேச்சு வரவே நேரமானது.

“மெடலைக் கழட்டி வாங்கிட்டாங்க... உங்க பொண்ணு நான் ஓடுறதை ஆசையாப் படம் எடுக்க வரேன்னுதானேப்பா சொன்னீங்க?”