வேம்பில் கட்டிய தொட்டில்

"யம்மா, இந்தத் தொட்டில கட்டினா பாப்பா வந்துடுமா?"

அயனம்பாக்கம் ஏரிக்கரை அம்மன் கோயிலில், வேப்பமரக் கிளையை எட்டிப் பிடித்தபடி கேட்டாள் கனிமொழி. போன ஆடியில் கட்டிய மஞ்சள் தொட்டில் வெளுத்துப்போய் அதே கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வரும்டி. முடிச்ச இறுக்கிப் போடு," என்றாள் அவள் அம்மா சரசா.

பூ விற்கும் தாட்சாயிணி சும்மா இருப்பாளா? "அதுவே ஒரு வளந்த கொயந்த, சரசாக்கா. ரெண்டாங்கிளாஸே தாண்டல. அதுக்கு ஒண்ணு பொறந்தா யாரு வளக்கிறது? ஆத்தா தெரிஞ்சுதான் குடுக்காம கீறா."

சரசாவுக்குச் சுருக்கென்றது.

"வாய அடக்கிப் பேசு. பக்கத்து ஊட்டு சுரேகா வேலைக்குப் போனா, அவ கைக்கொயந்தய யாரு பாத்துக்கிறான்னு நெனச்சே? இவதான். முழங்கைய வச்சு சூடு பாக்காம குளிக்கத் தண்ணி ஊத்த மாட்டா. அது பெத்தவகிட்ட கூட போவாம இவ தோள்லயே தூங்குது. என் பொண்ணு வளப்பா. உன்னவிட நல்லா வளப்பா."

தாட்சாயிணி குனிந்து பூத் தொடுக்க ஆரம்பித்தாள்.

கனிமொழி மரப்பாச்சியைத் தொட்டிலில் கிடத்தி, அதன் தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்தாள். பாப்பாவுக்குக் கழுத்து வலிக்குமாம். இவளா பிள்ளை வளர்க்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் சரசா.

"யம்மா, ஜெகதீஷு தன்கிட்டதான் கொறன்னு அயுவுறாரு. நாளைக்கு ரெண்டு பேரும் பூந்தமல்லில டாக்டராண்ட போறோம்."

புருஷன் பெயரைச் சொல்லும்போது அவள் முகமும் வாடிவிட்டது.

"டாக்டரு இன்னாத்துக்கு? ஆத்தா மேல பாரத்தப் போட்டாச்சு. போவாத," என்றாள் சரசா அவசரமாக.

"நீயும் வாம்மா. நான் எதனா மறந்துடுவேன். வயித்துல இன்னா தழும்புன்னு கேட்டா, கல்யாணத்துக்கு முன்னாடி அப்பெண்டிஸ் ஆபரேஷன் பண்ணதுன்னு நீ சொல்லு."

தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள் சரசா. அப்பெண்டிஸ் என்று மகளை நம்பவைத்துக் கூட்டிப்போய், 'இது எங்கே பிள்ளை வளர்க்கப்போகுது' என்று குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ய வைத்தவளே அவள்தான்.