முதல் பாதியில் விளாத்திகுளம் இல்லை

“இந்தக் கோச்சுக்கு எம்புள்ள மேல என்ன கோவம்னு தெரியலையே!”

வேப்பமர நிழலில் நின்று பரமசிவன் பொருமிக்கொண்டிருந்தார். பெண்கள் ஹாக்கி இறுதி ஆட்டம். வலது ஓரம் ஆடுகிறவள் அவர் மகள் மாரிசெல்வி. பந்து அவளிடம் வரவே இல்லை.

கோச் சோலைராஜ் சொல்லிக்கொடுத்தது மூன்றே ஆட்டம். அதற்குப் பெயரும் மினிபஸ் போகிற ஊர்களின் பெயர்தான். ‘கடம்பூர்’ என்றால் இடது ஓரம். ‘ஓட்டப்பிடாரம்’ என்றால் நட்டநடுவே. ‘விளாத்திகுளம்’ என்றால் வலது ஓரம். கோட்டுக்கு வெளியே நின்று அவர் எந்த ஊரைக் கூவுகிறாரோ, பிள்ளைகள் பந்தை அந்தப் பக்கமாகக் கொண்டுபோவார்கள்.

“மூணை ஒழுங்கா ஆடுங்கட்டி. முப்பதைப் படிச்சுக் கொழம்பாதீங்க” என்பார்.

மூன்றில் கோல் அதிகம் விழுவது விளாத்திகுளத்தில்தான். அது ஊருக்கே தெரியும். இன்றைக்கு அந்தப் பெயர் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

“கடம்பூர்! ஏட்டி, கடம்பூர்! ஓட்டப்பிடாரம்!”

“வெளாத்திகுளத்துக்கு இன்னைக்கு பஸ் ஸ்டிரைக்கா?” என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பரமசிவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டு விடுதிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்த மேடம் அதே நிழலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விடுதியில் இடம் கிடைத்தால் மாரிசெல்வி மேலே படிப்பாள். இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ் வேலைதான்.

“நெழலு இங்கன கெடக்கு. அந்தாளு எதுக்கு எதிர்ப்பக்கம் போயி வெயில்ல நிக்கான்? நம்ம மொகத்தைப் பாக்கப் பயம்.”

சோலைராஜ் நின்ற கோட்டை ஒட்டி யாரோ மிளகாய் வத்தல் காயப் போட்டிருந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் கரிசல் காடெல்லாம் சகதி. காய்ந்து கிடந்தது இந்தச் சரள் மண் மைதானம் மட்டும்தான். மாரிசெல்வி அந்த ஓரத்துக்குப் போகாமல் தயங்கித் தயங்கி நின்றாள்.

“எவன் அவன், கிரவுண்டுல வத்தலை விரிச்சது? மிதிச்சுக்கிட்டு ஓடுட்டி!” என்று கத்தினார் பரமசிவன்.

இடைவேளை. எதிரணி ஒரு கோல் முன்னே. பரமசிவன் மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார்.

“எம்புள்ளைக்குப் பந்து குடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லி அனுப்புனாகளா தம்பி?”

“அடுத்த பாதியைப் பாருங்க அண்ணாச்சி.”

“பாக்கத்தான் போறேன். இதே மாதிரின்னா பாதியிலேயே கூட்டிட்டுப் போயிருவேன்.”

சோலைராஜ் குனிந்தார். முழங்காலுக்குக் கீழே தேய்த்துவிட்டுக்கொண்டார்.

பக்கம் மாறி ஆட்டம் தொடங்கியது. இப்போது மாரிசெல்வியின் வலது ஓரம் வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. சோலைராஜ் மட்டும் அதே வெயிலில் நின்று கூவினார்.

“விளாத்திகுளம்!”

மேடத்தின் நாற்காலியை உரசுகிற மாதிரி ஓடினாள் மாரிசெல்வி. அவள் நடுவில் தள்ளிக் கொடுத்த பந்து கோலானது.

“விளாத்திகுளம்! விளாத்திகுளம்!”

அடுத்த கோலை அவளே அடித்தாள். கோப்பை கிடைத்தது.

“அந்த எட்டாம் நம்பர் யார் பொண்ணு?” என்று மேடம் எழுந்து நின்று கேட்டார்.

“எம்புள்ளதான் மேடம்!”

“ஜூன் மாசம் பெட்டியோட விடுதிக்கு அனுப்பி வைங்க.”

பரமசிவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“பாத்தியளா? நான் போட்ட சத்தத்துலதான் அந்தாளு வெளாத்திகுளத்துக்கு பஸ்ஸை விட்டான்!”

எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் மனைவி அழகுத்தாய் கைகாட்டிக் கூப்பிட்டாள். போனார்.

“ஏங்க, இந்தச் சாக்கைப் பிடிங்க.”

“எவன் வத்தலுக்கோ நான் எதுக்குச் சாக்குப் பிடிக்கணும்?”

“நம்ம வத்தல்தான். நீங்க விடியுமுன்ன கோயில்பட்டிக்கு பஸ் ஏறிட்டீக. எல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. கோச்சு தம்பிதான், ‘இங்கன விரிங்கக்கா, நம்ம புள்ளைகளை இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கிடுதேன்’னு சொல்லிச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னது நாந்தான். தெரிஞ்சா ஆட்டத்தை நிப்பாட்டி, புள்ளையை வத்தல் அள்ளக் கூப்பிட்டிருவீகளே!”

பரமசிவன் குனிந்து பார்த்தார். ஒரு வத்தல்கூட நசுங்கவில்லை.

அந்தக் கோடியில் சோலைராஜ் உட்கார்ந்து, காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எதிரணி வத்தல் பக்கம் அடித்த பந்தையெல்லாம் தடுத்த கால், கன்றிப்போய் வீங்கியிருந்தது.

“தம்பி...” என்று பரமசிவன் அவரைப் பார்த்து வேகமாக நடந்தார்.

சோலைராஜ் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

“பாத்து வாங்க அண்ணாச்சி! வத்தலை மிதிச்சிராதீங்க.”