தம்பியின் இடம்

"உங்க சீட் இந்தப் பக்கம்ண்ணா. உள்ள போய் நம்பர் பார்த்து உக்காருங்க. நான் வேற கேட் வழியா போகணும்."

சொல்லிவிட்டுத் தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். லேத் பட்டறைக்கார அண்ணனுக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் விமானத்தில் வரவழைத்துவிட்டு, பக்கத்தில் உட்காரக்கூட மனசில்லையா இவனுக்கு?

"உன் சீட் எங்கடா?"

"முன்னாடிதான் இருப்பேன். பவுண்டரி கயிறு பக்கத்துலயே." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

வெளிநாடு வந்த பதினோரு வருஷமாக இப்படித்தான். என்ன வேலை என்றால் கம்பெனி வேலை என்பான். அதற்கு மேல் பேச்சு நகராது. ஆனால் பெரிய மேட்ச் ஒன்றையும் விடமாட்டான். இன்றைக்கு கிரவுண்டில்தான் இருந்தேன் என்று ஃபோனில் சொல்வான். ஆட்டம் எப்படி என்று கேட்டால், ஒரு பெரியவர் விக்கி விக்கி அழுதார், ஒரு குழந்தை கத்திக் கத்தியே தூங்கிப்போனது என்று கூட்டத்தின் கதையைச் சொல்வான். கொடுத்து வைத்தவன் என்று அண்ணன் பட்டறை முழுக்கப் பெருமையடித்துக்கொள்வார்.

எல்லாம் அவர் மகளின் கல்யாணம் வரைதான். தேதியைச் சொன்னதும், "அந்த வாரம் பூரா மேட்ச் இருக்குண்ணா. கிரவுண்டை விட்டு வர முடியாது" என்றான். இவர் ஃபோனைப் பட்டென்று வைத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் சித்தப்பா எங்கே என்று ஆளாளுக்குக் கேட்க, லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி மழுப்பினார்.

அப்புறம் இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் திடீரென்று விமான டிக்கெட்டும் மேட்ச் டிக்கெட்டும் வந்து சேர்ந்தன. போகமாட்டேன் என்றுதான் முரண்டு பிடித்தார். மனைவிதான் பெட்டியைக் கட்டினாள்.

"கூடப் பிறந்தவர் கூப்பிடறார். மனசுல இருக்கறதை நேர்லயே கேட்டுட்டு வாங்க."

வந்து மூன்று நாளாகியும் கேட்க வாய் வரவில்லை. இருந்த ஒரே கட்டிலை இவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் சுருண்டு படுத்தவனிடம் என்னவென்று கேட்பது?

ஆட்டம் தொடங்கியது. சொந்த நாட்டு அணியை முதன்முதலாக நேரில் பார்க்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பக்கத்தில் இருந்த நம்மூர் ரசிகர் ஒருவரிடம் பைனாகுலரை வாங்கி, எதிர்ப்பக்கம் முன் வரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவினார். தம்பியைக் காணோம். மேலே கண்ணாடி அறைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தார். அப்படி ஏதோ பெரிய இடத்தில்தான் இருப்பான், பட்டறைக்கார அண்ணனை அங்கே கூட்டிப்போகக் கூச்சம் என்று தோன்றியதும் நெஞ்சு கசந்தது. சாயங்காலம் கேட்டே தீருவது, கேட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவது என்று முடிவு கட்டினார்.

தண்ணீர் இடைவேளையில் காவலாளிகள் இடம் மாறிக்கொண்டார்கள். கயிற்றுக்கு வெளியே, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தையே பார்த்து நிற்கிறவர்கள். யாரும் உள்ளே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்கள் வேலை என்றார் பக்கத்து ரசிகர். "ஒரு தடவை திரும்பிப் பார்த்தாலும் அடுத்த மேட்சுக்குக் கூப்பிட மாட்டாங்களாம். பாவம்."

ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும் போட்ட ஒருவன் வந்து இவர் வரிசைக்கு நேர் எதிரே நின்றான். இவர் பைனாகுலரை இன்னும் கண்ணாடி அறைகள் பக்கமே வைத்திருந்தார்.

மூன்றாவது பந்தில் ஸ்டம்ப் பறந்தது. அரங்கமே எழுந்து அலறியது. இவரும் சகலமும் மறந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

அத்தனை கூச்சலிலும் திரும்பாமல் நின்ற ஆரஞ்சுச் சட்டைக்காரன், தொப்பியை லேசாக உயர்த்தி இவர் முகத்தையே பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான்: "யாருண்ணா அவுட்?"